வாலிபர்களுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்கட்டும்!

2014-ஆம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி மத்திய சர்க்கார் வளரிளம் பருவத்தினருக்கென ஒரு தேசிய சுகாதாரத் திட்டத்தை ஆரம்பித்தது. 10 வயது முதல் 19 வயது வரையுள்ள ஆண், பெண் அனைவரும் இதில் அடக்கம். 2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த வயதில் 25 கோடியே 30 லட்சம் பேர் இந்த நாட்டில் இருந்தனர். சத்துணவுக் குறைவு, இனப்பெருக்க உறுப்புகளின் ஆரோக்கியம், மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப் பழக்கம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நீண்டகால நோய்கள் ஆகிய ஆறு விஷயங்களில் இவர்களுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் அளிப்பது திட்டத்தின் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாளும், பெரிய ஆஸ்பத்திரிகளில் தினந்தோறும், இளம் வயதினருக்கென்று தனிப் பிரிவு நடக்க வேண்டும். அதில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும். சொன்ன ரகசியம் வெளியே போகக் கூடாது. இதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு நல்லதே. இதைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால், ஸ்பின்னிங் மில்லில் சைடு பார்க்கும் 18 வயதுப் பெண்ணும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் 17 வயதுப் பையனும் இந்தப் பிரிவின் வாசலை மிதிக்கிறார்களா? மிதிப்பதில்லை. மிகப் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் போவதில்லை. ஏன்?

"வாலிபர்களுக்கு விழிப்புணர்ச்சி இல்லை" என்று அதிகாரிகள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. நோய் வந்தால் வைத்தியரைத் தேட வேண்டும் என்பது உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குத் தெரியாத சங்கதி அல்ல. போகவிடாமல் தடுப்பவை மூன்று: கூலி போகும் என்ற கவலை, விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம், அங்கே கிடைக்கும் அவமரியாதை. இந்த மூன்றையும் ஒழிக்காமல் சுவரில் எத்தனை படம் வரைந்தாலும், எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் பயன் இல்லை.

கூலியா, சிகிச்சையா?

சர்க்கார் சுகாதார நிலையத்தில் புற நோயாளிகளைப் பார்க்கும் நேரமும் மில்லின் பகல் ஷிப்டும் ஒன்றாகவே ஓடுகின்றன. பகல் ஷிப்டு முடிந்து வருகிறவன் சீட்டு கொடுக்கும் ஜன்னல் மூடியிருப்பதைக் காண்கிறான். இரவு ஷிப்டு முடித்து வருகிறவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நடவுக் காலத்தில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் ஊசி போடும் போலி டாக்டர். நூறு ரூபாய் அங்கே போகிறது. நோய் அப்படியே இருக்கிறது.

மில் ஹாஸ்டலில் அடைபட்டிருக்கும் பெண்களின் நிலை இதைவிட மோசம். கலியாணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, மூன்று வருஷம் அடைத்து வைத்து வேலை வாங்கிய "சுமங்கலித் திட்டம்" நாடு முழுவதும் பெயர் கெட்டது. பெயரை மாற்றிக்கொண்டார்கள், ஹாஸ்டல் முறையை விடவில்லை. வெளியே போக வார்டன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். தனக்கு என்ன நோய் என்பதை டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் வார்டனிடமும் சூபர்வைசரிடமும் சொல்ல வேண்டிய நிலையில் எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போவாள்?

இதன் விளைவு என்ன என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2019-ஆம் வருஷம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பின் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்துச் செய்தி வெளியிட்டனர். மாதவிலக்கு வலி என்று சொன்னால், டாக்டர் சீட்டு இல்லாமல், பெயர் ஒட்டாத மாத்திரையைக் கையில் கொடுத்து மீண்டும் மிஷினுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதே அந்தப் பெண்கள் சொன்ன செய்தி. உற்பத்தி நிற்கக் கூடாது. உடம்பு எக்கேடு கெட்டாலும் சரி! முதலாளிகளின் வைத்திய சாஸ்திரம் இவ்வளவுதான்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் பாக்டரியில் தகுதியுள்ள ஊழியரோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் சொன்னது. எத்தனை இடத்தில் அந்த அறையில் மருந்தும் நர்சும் இருக்கின்றன, எத்தனை இடத்தில் உடைந்த கட்டிலும் பூட்டும் இருக்கின்றன என்பதை ஷிப்டு பார்க்கும் தொழிலாளியே அறிவான்.

இ.எஸ்.ஐ. விஷயமும் இப்படித்தான். தொழிலாளி வர்க்கம் கேட்டுப் பெற்ற இத்திட்டம் 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமாயிற்று. 1955-ல் கோவைக்கு வந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவிகிதமும் இதற்குச் சேருகின்றன. அதாவது, இது தர்மம் அல்ல, நம்முடைய பணம். ஆனால், இளம் தொழிலாளியைப் பல மில்களில் "அப்ரண்டிஸ்" என்று எழுதிக்கொள்கிறார்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கிறார். முழு ஆள் வேலை செய்கிறவனுக்கு அரை ஆள் பட்டம். அந்தப் பட்டத்தினால் அவன் ஆஸ்பத்திரி உரிமையும் பறிபோகிறது. காண்டிராக்டர் மூலம் வருகிறவனிடம் பணம் பிடித்தாலும் கார்டு கையில் சேருவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து நம்மோடு மிஷின் ஓட்டும் வாலிபனுக்கோ, தன் வயிற்று வலியைச் சொல்லவே பாஷை இல்லை.

இரும்புச் சத்து மாத்திரை யாருக்கு?

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 59.1 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவிகிதம். நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவிகிதம். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல் ரத்தம் குறைந்து வேலை செய்கிறாள். மிஷின் முன்னால் தலை சுற்றி விழுகிறவளைச் "சோம்பேறி" என்கிறான் மேஸ்திரி. அவள் சோம்பேறி அல்ல. அவளுக்கு ரத்தம் இல்லை.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் பல வருஷங்களாக நடக்கிறது. விலையும் அற்பம். ஆனால் அது எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும். பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். அங்கன்வாடி திறந்திருக்கும் நேரத்தில் மில்லுக்குள் நிற்கும் பெண்ணுக்கு? கிடைக்காது. பள்ளிக்கூடத்தை விட்டு வயல் வேலைக்குப் போய்விட்ட பையனுக்கு? அவனைத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே விட்டுப்போகிறார்கள். திட்டம் போட்டவர்கள் வாலிபர் என்றால் மாணவர் என்று மட்டும் நினைத்துவிட்டார்கள். உழைக்கிற வாலிபன் அவர்கள் கண்ணில் படவில்லை.

பஞ்சுத் தூசியை எடுத்துக்கொள்வோம். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதும், இருமல் வருவதும் பிஸினோசிஸ் என்ற நோயின் ஆரம்ப அடையாளம். ஆரம்பத்தில் கண்டுபிடித்துத் தூசியிலிருந்து விலக்கினால் தேறலாம். விட்டுவிட்டால் நுரையீரல் நிரந்தரமாய்க் கெடும். 20 வயதில் இருமலோடு வரும் தொழிலாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கே வேலை செய்கிறாய்? எந்தப் பிரிவில்?" என்பது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் இருமல் மருந்து மட்டும் கொடுக்கப்பட்டால், 40 வயதில் அவன் மூச்சுத் திணறி வீட்டில் உட்காருவான். இளமையிலேயே பார்த்துக்கொள்வது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ரகசியமும் மரியாதையும்

அடுத்தது ரகசியம். சுகாதார நிலையத்தில் ஒரே அறை, ஒரே மேஜை, சுற்றிலும் கூட்டம். "என்ன கேஸ்?" என்று நர்ஸ் உரக்கக் கேட்கிறாள். வெள்ளைப்படுதல், மாதவிலக்குக் கோளாறு, பிறப்புறுப்பில் புண் — இதையெல்லாம் பத்துப் பேர் காதுபட எந்தப் பெண், எந்த வாலிபன் சொல்வான்? வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதே ஊர். மீதிப் பேர் உறவு. பொய்யாக "தலைவலி" என்று சொல்லி, தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

"கலியாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வி அடுத்தது. ஆகவில்லை என்று சொன்ன மாத்திரத்தில் முகம் மாறுகிறது, உபதேசம் ஆரம்பமாகிறது. சேரியிலிருந்து வந்தவள் என்று தெரிந்தால் உபதேசத்தோடு ஏளனமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தடவை அவமானப்பட்டுத் திரும்பிய பெண் மறு தடவை வரமாட்டாள். தன் தோழிகளையும் வரவிடமாட்டாள்.

இது உயிர்ப் பிரச்னை. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 12.8 சதவிகிதம் பேர் 18 வயது ஆகுமுன்பே கலியாணம் செய்து வைக்கப்பட்டவர்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இப்படிப்பட்ட சிறுமி கர்ப்பமானால் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். குழந்தைகளைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் போலீஸ் என்ற பயத்தினால் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல், யாரோ ஒருத்தியிடம் கருவைக் கலைக்க மருந்து வாங்கி, ரத்தப்போக்கில் உயிருக்குப் போராடும் நிலை ஏற்பட்டுவிடுகிறது.

2022 செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைக் கவனித்துத் தீர்ப்புச் சொன்னது. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் செய்யும் டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பு. 18 வயது நிரம்பிய பெண் கருக்கலைப்புக்கு வேறு யாருடைய சம்மதத்தையும் கொண்டுவர வேண்டியதில்லை. புருஷன் கையெழுத்தும் தேவையில்லை. அவள் சம்மதமே போதும் என்பது சட்டம். இந்த விஷயம் கிராமத்து நர்சுக்குத் தெரிய வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். கோர்ட்டுத் தீர்ப்பு கோர்ட்டுக் காகிதத்திலேயே கிடந்தால் யாருக்கு லாபம்?

மனநோவும் இப்படியே. பூச்சி மருந்தைக் குடித்துவிட்ட வாலிபனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவே சில குடும்பங்கள் தயங்குகின்றன. கேஸ் போடுவார்கள் என்ற பயம். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், அப்படிச் செய்தவரைக் கடுமையான மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆகவே தாமதம் வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மனம் உடைந்து தவிப்பவர்களுக்காக 14416 என்ற டெலிபோன் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. காசில்லாமல் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு ஹாஸ்டல் சுவரிலும் எழுதி வைக்கச் செய்வது சங்கத்தின் வேலை.

நம் வீட்டுக் கேள்வி

இந்த இடத்தில் நம் தோழர்களிலேயே சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் டாக்டரிடம் ரகசியம் பேசுவதா? இது பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?" என்பார்கள். பெற்ற மனதில் எழும் இந்தக் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பேச வழியில்லாத பிள்ளை பேசாமல் இருந்துவிடுவதில்லை. போலி டாக்டரிடம் பேசுகிறது. தெருமுனையில் கஞ்சா விற்கிறவனிடம் பேசுகிறது. அரைகுறை விவரம் சொல்லும் சிநேகிதனிடம் பேசுகிறது. இவர்களைவிடப் படித்த நர்சிடம் பேசுவது மேல் அல்லவா? ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் நோய் வெளியே வரும். நல்ல ஆலோசகர் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதில்லை. பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று வழிகாட்டுகிறார்.

குற்றம் நர்சிடமா?

ஊழியர்களின் கடுமையைப் பற்றி எழுதினோம். ஆனால் கோபத்தை முழுவதும் அந்த நர்சின் மீது திருப்பிவிடுவது தவறு. அவள் நிலை என்ன? நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம், மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்கிறாள். பணி நிரந்தரம் கேட்டுத் தமிழ்நாட்டு ஒப்பந்த நர்சுகள் பல தடவை தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். ஆலோசகர்களும் ஒப்பந்த ஊழியர்களே. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு பெண்ணோடு இருபது நிமிஷம் அமைதியாகப் பேச அவளுக்கு நேரம் எங்கே? அவளும் உழைப்பாளி. அவள் கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒன்றே.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2025-க்குள் பொதுச் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவிகிதமாக உயர்த்துவோம் என்று 2017-ஆம் வருஷத்துத் தேசியச் சுகாதாரக் கொள்கையில் மத்திய சர்க்காரே எழுதிக்கொடுத்தது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவிகிதம்தான். எழுதிக்கொடுத்ததைக் கொடு என்று கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை.

பணம் கொடுக்க இயலாதவன் என்பதற்காக ஒருவனுக்கும் சிகிச்சை இல்லாமல் போகக் கூடாது என்று 1946-ல் போர் கமிட்டி அறிக்கை சொன்னது. எல்லோருக்கும் ஆரோக்கியம் என்ற லட்சியத்தை 1978-ல் சோவியத் கஜக்ஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. சுகாதார அமைப்பை வகுப்பதிலும் நடத்துவதிலும் மக்களுக்குப் பங்கு உண்டு என்றும் அங்கே பிரகடனம் செய்தார்கள். நம் மாகாணத்திலேயே 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பித்து, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்க முடிந்திருக்கிறது. முதியோரைத் தேடிப்போக முடிகிற சர்க்காருக்கு மில் ஹாஸ்டலையும் கூலிக்காரத் தெருவையும் தேடிப்போக முடியாதா?

நம் கோரிக்கைகள்

ஆகவே உழைக்கும் வாலிபர்களுக்காக நாம் கேட்பவை இவை:

1. மில் பகுதிகளிலும் விவசாயக் கூலிகள் மிகுந்த ஒன்றியங்களிலும், சுகாதார நிலையத்தின் இளம் வயதினர் பிரிவு வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில், ஷிப்டு விட்ட பிறகு நடக்க வேண்டும். ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.

2. கதவுள்ள தனி அறை வேண்டும். சீட்டு எழுதும் இடத்தில் நோயைக் கேட்கக் கூடாது. பெண்களுக்குப் பெண் ஊழியர், ஆண்களுக்கு ஆண் ஊழியர், கேட்டால் கிடைக்க வேண்டும்.

3. கலியாணம் ஆனதா, என்ன ஜாதி, எந்தத் தெரு என்ற கேள்வி சிகிச்சைக்கு நிபந்தனையாகக் கூடாது. "எங்கே வேலை செய்கிறாய்?" என்ற கேள்வி கட்டாயமாக வேண்டும்.

4. டாக்டரைப் பார்க்கப் போகும் இளம் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் அரை நாள் லீவு வேண்டும்; வருகைப் போனசில் கை வைக்கக் கூடாது. வார்டனிடம் நோயின் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது.

5. ஒவ்வொரு மில் ஹாஸ்டலுக்கும் சர்க்கார் டாக்டரும் நர்சும் மாதம் ஒரு தடவை நேரில் போக வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிர்வாகத்தின் ஆள் அறையில் இருக்கக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை ஹாஸ்டலிலும் வேலைத் தளத்திலும் கிடைக்க வேண்டும்.

6. அப்ரண்டிஸ் என்ற பெயரில் முழு வேலை வாங்கப்படும் அனைவருக்கும் இ.எஸ்.ஐ. கார்டு வேண்டும். வெளி மாகாணத் தொழிலாளிக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

7. ஒப்பந்த நர்சுகளையும் ஆலோசகர்களையும் நிரந்தரமாக்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

இவற்றில் கோடிக்கணக்கில் செலவு பிடிப்பது கடைசி ஒன்றுதான். மற்றவைக்கு வேண்டியது ஒரு கதவு, ஒரு திரை, நேர மாற்றம், ஒரு உத்தரவு.

கோரிக்கை எழுதிவிட்டால் உத்தரவு வந்துவிடாது என்பது நம் அனுபவம். வாலிபர் சங்கமும், மாதர் சங்கமும், மில் தொழிலாளர் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து தங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். இளம் வயதினர் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடக்கிறது, ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்து, மில் கேட்டிலும் டீக்கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும். நடக்கவில்லை என்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் இந்தக் கோரிக்கைகளும் இடம் பெற வேண்டும். "இது பெண்கள் சமாசாரம்" என்று ஆண் தோழர்கள் ஒதுங்க வேண்டாம்.

முதலாளிக்கு இளம் தொழிலாளியின் உடம்பு மூன்று வருஷத்துக்குப் போதும். பிறகு வேறொரு கிராமத்திலிருந்து வேறொரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவருவான். நமக்கு அப்படியல்ல. அவர்கள் நம் பிள்ளைகள். நாளைக்கு இந்தச் சங்கங்களைத் தாங்கப் போகிறவர்கள். அவர்கள் ரத்தமும் மூச்சும் இருபது வயதிலேயே உறிஞ்சப்பட்டுவிட நாம் அனுமதிக்க முடியாது.

மூடிய கதவைத் தட்டுவோம். திறக்கும்வரை தட்டுவோம்!